தொலைபேசிக் கம்பெனிகளின் இணைப்பும் அரசாங்கக் கட்டுப்பாடும்



அரசாங்க அலுவலகங்களில் மொழிபெயர்ப்புப் பணி புரிவோர்க்கு 'இணைப்பு' என்னும் சொல் நெடுநாளைய தோழன். சில வேளைகளில் நெடுநாளைய தொல்லையும் கூட. கடிதத்துடன் சேர்த்து அனுப்பும் தாளுக்கு இணைப்பு என்று பெயர். வீட்டிற்குத் தொலைபேசி வந்தால் அதுவும் இணைப்பே. இரண்டு கம்பெனிகள் தம் தனி உருவை விட்டு ஒன்றாகிவிட்டால், அதனையும் நாம் இணைப்பு என்றே எழுதுகிறோம். "இணைப்பில் கண்டவாறு, இணைப்பிற்குப் பின் இணைப்புகள் துண்டிக்கப்படலாகாது" என்று ஒரு வாக்கியம் எழுத நேர்ந்தால், அதைப் படிப்பவர் பாடு என்னாவது? இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது மூன்றாவது வகை இணைப்பைப் பற்றி. ஆயினும் அது இரண்டாவது வகை இணைப்பை எவ்வாறு பாதிக்கிறது என்பதே நம் கவலை.

ஊரை விட்டு வந்து டில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் வாழும் தமிழர்க்குத் தொலைபேசி ஓர் ஆடம்பரமாக என்றுமே இருந்ததில்லை. டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்ததும், மஞ்சள் பலகை தொங்கிய எஸ்.டி.டி. கடையில் இரவுக் கட்டணம் குறையும் நேரம் பார்த்து வரிசையில் நின்றதும், வயதில் மூத்த நேயர்களுக்கு நன்கு நினைவிருக்கும். அக்காலத்தில் தொலைபேசி என்றால் அரசாங்கம். அரசாங்கம் என்றால் 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம். யாருடன் யார் இணைவது என்ற கேள்விக்கே இடமில்லை. 1994-ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை தனியார்க்குக் கதவைத் திறந்தது. 1995 ஜூலை 31-ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதி பாசு, டில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக் ராமுடன் கைப்பேசியில் பேசினார். அன்று தொடங்கியது தனியார் கம்பெனிகளின் காலம்.

சென்னை நகருக்கு அப்போது உரிமம் பெற்றவை இரண்டு கம்பெனிகள்: ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலர். இவ்விரு பெயர்களையும் இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கின்றனர்? 2000-ஆம் ஆண்டில் ஸ்கைசெல் பாரதி கம்பெனியின் கைக்குச் சென்றது, 2003-இல் ஆர்.பி.ஜி.யை ஏர்செல் வாங்கியது. இவ்வாறே நாடெங்கும் நடந்தது. பிர்லா, டாட்டா, அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. ஆகிய மூவரும் சேர்ந்து ஒரு கம்பெனி நடத்தினர். மூன்று பெயர்களையும் ஒட்டவைத்து அதைப் 'படாடா' என்று அழைத்துச் சிரித்தவர் பலர். மராத்தியில் அச்சொல்லுக்கு உருளைக்கிழங்கு என்று பொருள் என்பதை மும்பை நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கிழங்கே பின்னர் 'ஐடியா' என்று பெயர் மாறியது.

சோப்புக் கம்பெனிகள் இரண்டு இணைந்தால் அரசாங்கம் அவ்வளவாகக் கவலை கொள்வதில்லை. தொலைபேசிக் கம்பெனிகள் இணையும்போது மட்டும் ஏன் இத்தனை விதிகள் என்று கேட்கலாம். காரணம் எளிது. சோப்புக் கம்பெனியின் மூலப்பொருள் அதன் சொந்தப் பணத்தில் சந்தையில் வாங்கியது. கைப்பேசிக் கம்பெனியின் மூலப்பொருளோ வானலை. 1995-ஆம் ஆண்டில், கிரிக்கெட் ஆட்ட ஒளிபரப்பைப் பற்றிய ஒரு வழக்கில், வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அச்சொத்தில் ஒரு பகுதியையே அலைக்கற்றை என்ற பெயரால் கம்பெனிகளுக்கு ஒரு கால வரையறைக்கு அரசாங்கம் அளிக்கிறது. பொதுச் சொத்தை அனுபவிப்பவன் அதை மற்றொருவனுக்குக் கைமாற்றும்போது, உடையவனைக் கேட்டுத்தானே ஆகவேண்டும்?

கேட்க வேண்டும் என்பதில் கம்பெனிகளுக்கும் மறுப்பில்லை. எதை எதைக் கேட்பது, எவ்வளவு காலம் காக்க வைப்பது, எவ்வளவு பணம் வாங்குவது என்பவற்றில்தான் சச்சரவு.

ஒரே வட்டத்திற்குள் இயங்கும் இரு கம்பெனிகள் இணைவதற்கான முதல் விதிமுறைகள் 2004 பிப்ரவரியில் வந்தன. ஒரு வட்டத்தின் சந்தாதாரர்களில் நூற்றுக்கு 67 பேர் ஒரே கம்பெனியிடம் சேர்ந்தால் அது ஏகபோகம் என்று அவ்விதிகள் கருதின. அதாவது, மூன்றில் இரண்டு பங்கு வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது அப்போதைய எண்ணம். 2008 ஏப்ரலில் இவ்விதிகள் இறுக்கப்பட்டன. உச்சவரம்பு 67-இலிருந்து 40-ஆகக் குறைந்தது. இணைப்பிற்குப் பின் ஒரு வட்டத்தில் நான்கு கம்பெனிகளுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும் என்றும், உரிமம் பெற்ற மூன்று ஆண்டுகளுக்குள் இணையக்கூடாது என்றும் சேர்க்கப்பட்டது. ஒரு வட்டத்தில் உரிமம் வைத்திருப்பவர் அதே வட்டத்தில் உரிமம் உள்ள மற்றொரு கம்பெனியில் நூற்றுக்குப் பத்து பங்கோ அதற்கு மேலோ வைத்திருக்கலாகாது என்ற விதியும் இருந்தது. 2007-இல் வோடபோன் இந்தியாவில் ஹட்ச் கம்பெனியை வாங்கியபோது, பாரதியில் தான் முன்னரே வைத்திருந்த பங்கில் ஒரு பகுதியை விற்க நேர்ந்தது, இவ்வகை விதியின் பிடி எவ்வளவு என்பதைக் காட்டும்.

தொழிலதிபர்கள் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். அவர்கள் வாதத்தை நாம் நேர்மையுடன் எடுத்துரைக்க வேண்டும்; ஏனெனில் அதில் பாதி நியாயமானது.

வேறு நாடுகளில் ஒரு நகரத்திற்கு மூன்று அல்லது நான்கு கம்பெனிகள் இருந்த காலத்தில், இந்தியாவில் ஒரு வட்டத்தில் பத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள் இருந்தன. ஒரு முழு வாழையிலையைப் பத்துத் துண்டாகக் கிழித்துப் பத்துப் பேருக்குப் போட்டால், யாருக்கும் சாப்பாடு ஒழுங்காக இராது அன்றோ? அலைக்கற்றையின் நிலை அதுவே. ஒவ்வொருவரிடமும் சிறு துண்டு. ஒவ்வொருவரும் தனித்தனியே கோபுரம் எழுப்ப வேண்டும். ஒவ்வொருவரும் கடன் வாங்க வேண்டும். இத்தகைய தொழிலில் இணைவது பேராசையன்று, பிழைக்கும் வழி என்று அவர்கள் கூறினர். நோயுற்ற கம்பெனியை விற்க விடாமல் விதிகளைக் காட்டித் தடுத்தால், அது நோயினால் இறந்துபோகும். அப்போது வங்கியின் கடனும் போகும், ஊழியரின் வேலையும் போகும், சந்தாதாரரின் எண்ணும் திண்டாட்டமாகும் என்றும் எச்சரித்தனர். இந்த எச்சரிக்கையை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். சற்றுப் பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

2014 பிப்ரவரி 20-ஆம் நாள் புதிய விதிகள் வெளியாயின. ஒரு பக்கம் தளர்வு: உச்சவரம்பு நூற்றுக்கு 50 ஆயிற்று, அதையும் தாண்டினால் ஓராண்டிற்குள் குறைத்துக்கொள்ள அவகாசம் தரப்பட்டது. மறு பக்கம் ஓர் இறுக்கம்: விற்கப்படும் கம்பெனியிடம், ஏலத்தின்றிப் பழைய விலைக்குப் பெற்ற 4.4 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை இருந்தால், அப்பழைய விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள வேறுபாட்டை வாங்குபவர் அரசாங்கத்திற்குக் கட்ட வேண்டும் என்றது. கம்பெனிகளின் கோபம் முழுவதும் இந்த ஒரு விதியின்மேல் திரும்பியது.

இதனைச் சிறிது விளக்குவது தகும். 2008-ஆம் ஆண்டில் நாடு முழுவதற்குமான உரிமம், 2001-ஆம் ஆண்டின் விலையான 1,658 கோடி ரூபாய்க்கு அளிக்கப்பட்டது. அதனுடன் அலைக்கற்றையும் சேர்ந்து வந்தது. இரண்டே ஆண்டுகளில், 2010-இல் மூன்றாம் தலைமுறை அலைக்கற்றையை ஏலம் விட்டபோது, நாடு முழுவதற்குமான விலை 16,750 கோடியைத் தொட்டது. இரண்டும் ஒரே அலைவரிசை அல்ல, அளவும் ஒன்றல்ல. எனினும் இடைவெளியின் ஆழம் புலப்படும். 2008-இல் அளித்தவை உட்பட 122 உரிமங்களை 2012 பிப்ரவரி 2-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ரத்துச் செய்தது நாடறிந்த செய்தி. வீட்டு வசதி வாரியம் சலுகை விலையில் ஒருவருக்கு மனை ஒதுக்குகிறது. அவர் அதில் குடியிருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. அவர் அதைச் சந்தை விலைக்கு மற்றொருவருக்கு விற்று லாபம் பார்க்க முற்பட்டால், "இந்த உயர்வில் எங்கள் பங்கு எங்கே?" என்று வாரியம் கேட்பது தவறாகுமா? அரசாங்கத்தின் வாதம் இதுவே. இதில் நாம் அரசாங்கத்தின் பக்கம்தான் நிற்கிறோம். தனி வியாபாரத்தில் ஒருவர் ஈட்டிய லாபம் அவருடையது. பொதுச் சொத்தின் விலையேற்றத்தால் வந்த லாபம் அவருடையது மட்டும் அன்று.

ஆனால் விதி நியாயமாயிருப்பது ஒன்று, அதை நடத்தும் முறை நியாயமாயிருப்பது மற்றொன்று.

2017 மார்ச் 20-ஆம் நாள் வோடபோனின் இந்தியக் கம்பெனியும் ஐடியாவும் இணையப் போவதாக அறிவித்தன. கேரளம், குஜராத் முதலிய சில வட்டங்களில் இருவரின் பங்கும் சேர்ந்தால் 50-ஐத் தாண்டும் என்பது அப்போதே பேசப்பட்டது. போட்டி ஆணையம் அதே ஆண்டு ஜூலையில் ஒப்புதல் தந்தது. கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் 2018 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. தொலைத்தொடர்புத் துறையின் நிபந்தனையுடன் கூடிய ஒப்புதல் 2018 ஜூலையில்தான் வந்தது. அதனுடன் ஏறத்தாழ 7,200 கோடி ரூபாய்க்கு ஒரு கோரிக்கையும் வந்தது. சந்தை விலை வேறுபாட்டிற்காக ஏறத்தாழ 3,900 கோடி ரொக்கம். மீதம், நீதிமன்றங்களில் வழக்கிலிருந்த வேறொரு அலைக்கற்றைக் கட்டணத்திற்கு வங்கி உத்தரவாதம். கல்யாண மண்டபத்தின் வாசலில் நின்றுகொண்டு, மாப்பிள்ளை வீட்டாரிடம் தீராத பழங்கடனுக்கும் சேர்த்து ஜாமீன் கேட்பது போல இருக்கிறது என்பது தொழில் துறையினரின் குறை. பணத்தை அவர்கள் கட்டினர். ஆட்சேபத்தைப் பதிவு செய்துகொண்டு கட்டினர். சட்டத் தமிழில் இதனை 'மறுப்புரிமைக்கு உட்பட்டுச் செலுத்துதல்' என்பர். கையால் கொடுத்து வாயால் மறுக்கும் இவ்வழக்கத்திற்கு, நம் பாட்டிமார்களிடம் இதைவிடச் சுருக்கமான சொல் ஒன்று இருந்திருக்கும்.

2018 ஆகஸ்டு 31-ஆம் நாள் இணைப்பு நிறைவேறியது. அறிவிப்புக்கும் நிறைவுக்கும் இடையே பதினேழு மாதங்கள். அந்நாளில் புதிய கம்பெனிக்கு 40 கோடிக்கும் மேற்பட்ட சந்தாதாரர்கள். நாட்டிலேயே மிகப் பெரிய கம்பெனி. ஏர்டெல் டெலிநார் கம்பெனியின் இந்தியத் தொழிலை வாங்கியபோதும் இதே கதை. வங்கி உத்தரவாதம் கேட்ட துறை, தகராறு தீர்க்கும் தீர்ப்பாயத்திலும் பின்னர் உச்ச நீதிமன்றத்திலும் தன் கோரிக்கையை நிலைநாட்ட இயலவில்லை. 2018 மே மாதம் இணைப்பு முடிந்தது.

ஒப்புதல் எத்தனை நாளில் தரப்படும் என்பதையும், எந்தக் கட்டணம் எப்போது கேட்கப்படும் என்பதையும் முன்கூட்டியே அறிந்துகொள்ளத் தொழில் புரிவோர்க்கு உரிமை உண்டு. கோப்பு ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்குப் போக எடுக்கும் காலம் எத்தகையது என்பதை, கோப்புகளின் நடுவே வாழும் நாம் அறியாதவர் அல்லர். தாமதத்தைக் கட்டுப்பாடு என்று பெயரிட்டு அழைப்பது கட்டுப்பாட்டிற்கே இழுக்கு.

இனி, முன்னர் ஒதுக்கி வைத்த அந்த எச்சரிக்கைக்கு வருவோம்.

மும்பைத் தமிழர்களில் பலர் லூப் மொபைல் என்னும் கம்பெனியை அறிவர்; அதற்கு முன் பி.பி.எல். என்ற பெயரில் அது இயங்கியது. அதனை 700 கோடி ரூபாய்க்கு வாங்க ஏர்டெல் 2014 பிப்ரவரியில் ஒப்பந்தம் செய்தது. லூப்பின் உரிமம் அவ்வாண்டு நவம்பர் இறுதியில் முடிவதாயிருந்தது. உரிய ஒப்புதல்கள் அதற்குள் வந்து சேரவில்லை. நவம்பரில் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. ஏறத்தாழ முப்பது லட்சம் சந்தாதாரர்களில் எஞ்சியிருந்தோர், தாங்களே வேறு கம்பெனி தேடி ஓட வேண்டியதாயிற்று.

இதைவிடப் பெரியது ஏர்செல்லின் கதை. தமிழ்நாட்டில் பிறந்து, தமிழ்நாட்டில் மிகுந்த சந்தாதாரர்களைப் பெற்றிருந்த கம்பெனி அது. ஊரில் இருந்த பெற்றோர் கையில் அந்தக் கம்பெனியின் எண், டில்லியில் மகன் கையில் வேறு கம்பெனியின் எண் என்பது மிகச் சாதாரணமான குடும்பக் காட்சி. 2016 செப்டம்பரில், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் தன் கைப்பேசித் தொழிலை ஏர்செல்லுடன் இணைப்பதாக அறிவித்தது. இரண்டு கம்பெனிகளும் கடனில் மூழ்கியிருந்தன. 2017 ஜனவரியில், ஏர்செல்லின் மலேசிய உரிமையாளர் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் அலைக்கற்றைக் கைமாற்றம் பற்றிக் கேள்வி எழுப்பியது. 2017 அக்டோபர் முதல் நாள் இணைப்புத் திட்டம் கைவிடப்பட்டது. சட்டத் துறையிலும் ஒழுங்குமுறையிலும் நிலவிய நிச்சயமின்மையை ரிலையன்ஸ் காரணமாகக் காட்டியது. அவ்வாண்டு இறுதிக்குள் ரிலையன்ஸின் பேச்சுச் சேவை நின்றது. ஏர்செல் முதலில் மராட்டியம், குஜராத், அரியானா உள்ளிட்ட ஆறு வட்டங்களிலிருந்து விலகியது. 2018 பிப்ரவரியில், கோபுரக் கம்பெனியுடன் பாக்கித் தகராறு முற்றித் தமிழ்நாட்டில் சேவை விழுந்தது. அம்மாத இறுதியில் கம்பெனி திவால் மனுத் தாக்கல் செய்தது.

அந்த நாட்களில் கடைகளின் முன் கூட்டம் கூடியது நேயர்களுக்கு நினைவிருக்கலாம். வேறு கம்பெனிக்கு எண்ணுடன் மாற வேண்டுமானால், முதலில் பழைய கம்பெனியின் வழியாக ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, மாற்றக் குறியீடு ஒன்று பெறவேண்டும். அலையே இல்லாதபோது குறுஞ்செய்தி எங்ஙனம் போகும்? கடையைப் பூட்டிவிட்டுப் போனவரிடமே வெளியேறும் சீட்டும் வாங்க வேண்டிய நிலை. குறியீட்டை வேறு வழியில் தர ஏற்பாடு செய்யவும், காலக் கெடுவை நீட்டவும் ஒழுங்குமுறை ஆணையம் தலையிட வேண்டியதாயிற்று. எண் என்பது இக்காலத்தில் வெறும் எண் அன்று. வங்கிக் கணக்கு, ஓய்வூதியம், எரிவாயு உருளை, ஆதார் எல்லாம் அதிலேயே தொங்குகின்றன. ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் மகனுக்கு, தன் எண் நின்றுவிட்டது என்று சொல்வதற்கே தாய்க்கு அடுத்த வீட்டாரின் கைப்பேசி வேண்டும்.

அப்படியானால் கம்பெனிகளின் எச்சரிக்கை பலித்துவிட்டதா? கட்டுப்பாடு கூடாது என்ற அவர்கள் முடிவு சரிதானா? பாதி எச்சரிக்கை பலித்தது என்போம். முடிவு மட்டும் சரியன்று. அக்கம்பெனிகளைக் கவிழ்த்தவை கடனும், 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் எழுந்த விலைப் போரும். முதல் சில மாதங்கள் சேவையை இலவசமாகவே அளித்து, ஆறு மாதத்திற்குள் பத்துக் கோடிப் பேரைச் சேர்த்துக்கொண்ட ஒரு கம்பெனியின் முன், சிறு கம்பெனிகள் நிற்க இயலவில்லை. இணைப்பு விதிகள் எவ்வளவு தளர்ந்திருந்தாலும் இது மாறியிருக்காது. விதிகள் முன்வாசலைக் காவல் காத்தன என்பதே நம் கருத்து. யார் யாருடன் கைகோத்து வருகிறார்கள், எத்தனை பங்கு, எத்தனை கோடி என்று வாசலில் விசாரித்தன. பின்வாசல் வழியாக ஒவ்வொருவராக வெளியேறியதைக் கணக்கில் வைக்க விதி இல்லை. பக்கவாசல் ஒன்றும் 2015-இல் திறந்தது: கம்பெனியை வாங்காமல் அதன் அலைக்கற்றையை மட்டும் வாங்கும் வர்த்தகத்திற்கு அவ்வாண்டு அனுமதி கிடைத்தது. 2016-இல் வீடியோகானின் ஆறு வட்டத்து அலைக்கற்றையை ஏர்டெல் இவ்வழியே வாங்கியது. சந்தாதாரர் அந்த விற்பனையில் சேர்த்தி இல்லை.

இந்தச் சண்டை இந்தியாவிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இது தொடங்கியது. சிறு சிறு தொலைபேசிக் கம்பெனிகளை ஏ.டி. அண்டு டி. ஒவ்வொன்றாக விழுங்கி வந்த காலத்தில், ஒரே நகரத்தில் இரு கம்பெனிகள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றி இயங்கின. கடைக்காரர் இரண்டு தொலைபேசிகள் வைத்துக்கொள்ள நேர்ந்தது. போட்டியினால் வீண் செலவே மிகும், ஒரே அமைப்பாக இருப்பதே நன்று என்று அக்கம்பெனியின் தலைவர் தியோடர் வெயில் வாதித்தார். அரசாங்கம் வழக்குத் தொடரும் என்ற அச்சத்தில், 1913 டிசம்பரில் அக்கம்பெனி இறங்கி வந்து, போட்டிக் கம்பெனிகளை ஒப்புதலின்றி வாங்குவதில்லை என்றும், அவற்றின் சந்தாதாரர்க்குத் தன் நெடுந்தூரக் கம்பியைத் திறந்துவிடுவதாகவும் வாக்களித்தது. 1921-இல் சட்டம் தளர்ந்தது. விழுங்கல் மீண்டும் நடந்தது. 1984-இல் அதே கம்பெனியை உடைக்க வேண்டியதாயிற்று. பின்னர் 2011 மார்ச்சில், அப்பெயர் தாங்கிய கம்பெனி 3,900 கோடி டாலருக்கு டி-மொபைல் என்ற நான்காவது பெரிய கம்பெனியை வாங்க முயன்றது. நீதித் துறை வழக்குத் தொடுத்தது; டிசம்பரில் முயற்சி கைவிடப்பட்டு, டி-மொபைலுக்கு 300 கோடி டாலர் ரொக்கமும் அலைக்கற்றையில் ஒரு பகுதியும் இழப்பீடாகச் சென்றன. தனியே விடப்பட்டால் டி-மொபைல் அழிந்துவிடும் என்று சிலர் கூறியதற்கு மாறாக, அது கட்டணத்தைக் குறைத்தும், நீண்டகால ஒப்பந்தக் கட்டை நீக்கியும் மற்றவரை ஆட்டிவைத்தது. 2020-இல் அதுவே ஸ்பிரிண்ட் கம்பெனியைத் தன்னுடன் இணைத்துக்கொண்டு பெரியதாகிவிட்டது என்பது வேறு கதை.

நம் நாட்டிற்குத் திரும்புவோம். 2018-க்குப் பின் தனியாரில் எஞ்சியவர் மூவர். அவர்களுடன் அரசாங்கத்தின் பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். கம்பெனிகள். போட்டி ஆணையத்திற்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்திற்கும் யார் முதலில் விசாரிப்பது என்று எழுந்த தகராறை, அவ்வாண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது: தொழில்நுட்ப விவகாரத்தை முதலில் பார்க்க வேண்டியது ஒழுங்குமுறை ஆணையம், அதன் பின்னரே போட்டி ஆணையம். நல்ல தீர்ப்பு, ஆனால் நால்வர் எஞ்சிய பந்தியில் பரிமாறும் ஒழுங்கைப் பற்றிய தீர்ப்பு.

2019 டிசம்பரில் மூன்று தனியார் கம்பெனிகளும் சில நாள் இடைவெளியில் கட்டணத்தை உயர்த்தின. 2021 நவம்பர் இறுதியில் மீண்டும் அவ்வாறே. 2024 ஜூலையில், இரண்டு கம்பெனிகளின் உயர்வு 3-ஆம் தேதியும், மூன்றாவதன் உயர்வு 4-ஆம் தேதியும் நடைமுறைக்கு வந்தன. இதில் இரகசிய உடன்பாடு இருந்ததென்று நாம் கூறவில்லை. மூன்று கடை மட்டும் உள்ள தெருவில், ஒருவர் விலையை ஏற்றினால் மற்ற இருவர்க்கும் அது காதில் விழும். உடன்பாடு தேவையே இல்லை. உச்சவரம்பை 40-இலிருந்து 50-ஆக உயர்த்தியபோது, இணைவது எங்கள் தொழிலின் நலனுக்கு, அதனால் சந்தாதாரர்க்கும் நலன் என்று கூறியவர்கள், இவ்விடத்தில் சிறிது விளக்கம் தரக் கடமைப்பட்டவர்கள். அதே வேளையில், உலகத்தோடு ஒப்பிட்டால் இந்தியாவில் கைப்பேசிக் கட்டணம் அதற்குப் பின்னும் குறைவாகவே இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. 1995-இல் ஒரு நிமிடப் பேச்சுக்குப் பதினாறு ரூபாய் வரை கொடுத்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். அன்று அழைப்பை ஏற்றவரும் பணம் கொடுத்தார்.

இணைந்த கம்பெனியின் கதி என்ன என்று கேட்கலாம். 2019 அக்டோபர் 24-ஆம் நாள், வருவாய்க் கணக்கைப் பற்றிய பழைய வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசாங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது; வோடபோன் ஐடியா ஐம்பதாயிரம் கோடிக்கும் மேல் கடன்பட்டதாயிற்று. நாற்பது கோடிக்கும் மேலாகத் தொடங்கிய சந்தாதாரர் எண்ணிக்கை சில ஆண்டுகளில் பாதியளவிற்குச் சுருங்கியது. கட்ட வேண்டிய பாக்கிக்குப் பதிலாகப் பங்கு எடுத்துக்கொள்ள அரசாங்கம் இசைந்தது. 2023 பிப்ரவரியில் மூன்றில் ஒரு பங்கு, 2025 ஏப்ரலில் அது நூற்றுக்கு 49-ஐ நெருங்கியது. விதி வகுப்பவர், அலைக்கற்றை விற்பவர், பாக்கி வசூலிப்பவர், கம்பெனியின் பெரும் பங்காளி ஆகிய நால்வரும் ஒருவரே. இந்நிலையில் நாளை மற்றொரு இணைப்புக் கோரிக்கை வந்தால், மேசையின் எப்பக்கத்தில் அரசாங்கம் அமர்வது? மூன்று பேர் இரண்டு பேராகாமல் தடுக்கவே இவ்வாறு செய்ய நேர்ந்தது என்பர். அது உண்மையாகவும் இருக்கலாம். முன்வாசலை மட்டும் காத்ததன் விலை இதுவென்றே நமக்குத் தோன்றுகிறது.

2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் 1885-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. அதன் பிரிவுகள் 2024 ஜூன் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வரத் தொடங்கின. இணைப்பு விதிகளைத் திருத்தும்போது நாம் கேட்க விரும்புவது பெரிதொன்றும் அன்று. ஒப்புதலுக்கு நாள் குறிக்க வேண்டும்; மறுத்தால் காரணத்தை எழுதி வெளியிட வேண்டும்; வழக்கிலுள்ள பாக்கியை வாசலில் கேட்கலாகாது. கம்பெனி இணைந்தாலும் மூடினாலும், கடைசிச் சந்தாதாரர் எண்ணுடன் வெளியேறும்வரை சேவையை நடத்தத் தேவையான பணம் முன்கூட்டியே தனிக் கணக்கில் இருத்தல் வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கையைத்தான் தொழிலதிபர்கள் மிகக் கடுமையாக எதிர்ப்பார்கள் என்று எதிர்பார்க்கிறோம்.

அதுவரை நேயர்கள் தம் எண்ணைத் தாமே காத்துக்கொள்ள வேண்டியவர்களே. 2015 ஜூலை 3 முதல், ஒரு வட்டத்தின் எண்ணை மற்றொரு வட்டத்திற்கும் எடுத்துச் செல்ல முடியும். மதுரை எண்ணுடன் போபாலில் வாழலாம். 'போர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதி, ஓர் இடம் விட்டு, பத்து இலக்க எண்ணை எழுதி, 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் குறியீடு வரும். பெரும்பாலான வட்டங்களில் அதற்கு நான்கு நாள் ஆயுள். அதற்குள் புதிய கம்பெனியின் கடைக்குச் சென்று அடையாளச் சான்று காட்ட வேண்டும். அதே வட்டத்திற்குள் என்றால் மூன்று வேலை நாள், வேறு வட்டம் என்றால் ஐந்து வேலை நாள். பழைய கம்பெனியில் தொண்ணூறு நாளாவது இருந்திருக்க வேண்டும். மாதக் கட்டணப் பாக்கி இருந்தால் எண் நகராது. முன்பணத்தில் மீதம் இருந்தால் அது எண்ணுடன் வராது. ஊரிலுள்ள முதியோர்க்கு இதனை இங்கிருந்தே தொலைபேசியில் சொல்லிக்கொடுக்கலாம். குறுஞ்செய்தியை மட்டும், அலை இருக்கும்போதே, அவர்கள் கைப்பேசியிலிருந்துதான் அனுப்ப வேண்டும்.